பாஸ்டனிலிருந்து கியூபெக் வரை கப்பலில்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பாஸ்டன் பக்கம் குடிவந்து பதினைந்து வருடம் ஆகிறது. இங்கிருந்து வடக்கே கனடா வரை போகும் க்ரூஸில் ஐந்து முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை அப்பா அம்மாவோடு. கேள்விகளை அனுப்புங்கள் என்று சொன்னதும் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டு மற்றதுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறேன். கரீபியன் க்ரூஸ் போய்ப் பழகியவர்கள் கப்பலைப் பார்த்து டிக்கெட் எடுப்பார்கள், நீச்சல் குளம் எத்தனை, ஷோ என்ன என்று. இந்தப் பாதையில் குளிர்காற்றில் குளத்துப் பக்கம் ஆளே இருக்காது. எந்தெந்த ஊரில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கட்டுகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, இதைப் பார்த்து எடுங்கள். கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வரும்.

கேள்வி (நியூ ஜெர்சி): அப்பா அம்மா ஆகஸ்டில் வருகிறார்கள். நியூயார்க்கில் ஏறி நியூயார்க்கிலேயே இறங்கும் பயணம் நல்லதா, பாஸ்டனிலிருந்து கியூபெக் போகும் ஒருவழிப் பயணம் நல்லதா? எந்த மாதம்?

ஒருவழிதான். ஏழு நாளில் போய்த் திரும்பும் கப்பலுக்கு ஹாலிஃபாக்ஸ், செயின்ட் ஜான், அதிகம் போனால் மெய்ன் மாநிலத்தில் ஒரு ஊர், அவ்வளவுக்குத்தான் நேரம் இருக்கும், மீதி நாள் கடலிலேயே கழியும். ஒருவழியில் அதே ஏழு நாளில் ஹாலிஃபாக்ஸ், சிட்னி (நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னி, ஆஸ்திரேலியா இல்லை), ஷார்லட்டவுன், அப்புறம் செயின்ட் லாரன்ஸ் நதி வழியாகக் கியூபெக் நகரம் என்று கிட்டத்தட்ட தினமும் ஒரு ஊர் வரும். திரும்பி வர விமான டிக்கெட் தனியாக எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கப்பல்கள் மான்ட்ரியல் வரையே போகும். பெரிய கப்பல்கள் கியூபெக் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாத உயரம், அதனால் கியூபெக்கிலேயே நின்றுவிடும்.

மாதம் என்றால், இலை நிறம் மாறுவதைப் பார்க்க செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடு வரை. பெற்றோருக்குக் குளிர் ஆகாது என்றால் செப்டம்பர் முதல் பாதி போதும், பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் நிம்மதியாக நடக்கலாம், கூட்டமும் குறைவு.

கேள்வி (டல்லாஸ்): எச்-1பி விசாவில் இருக்கிறோம், பெற்றோருக்கு அமெரிக்க விசா மட்டும் இருக்கிறது. கனடா துறைமுகத்தில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் கனடா விசா தேவையில்லைதானே?

தேவை. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள். கப்பல் கனடா எல்லைக்குள் போகிறது, நீங்கள் அதில் இருக்கிறீர்கள், இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும். ஏறும் நாளில் டெர்மினல் கவுண்டரிலேயே பார்ப்பார்கள், இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது. என் கண் முன்னால் ஒரு குடும்பம் நான்கு பெட்டியோடு திரும்பிப் போனது, தாத்தா பாட்டிக்கு மட்டும் விசா இல்லை, அவர்களை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் எல்லோருமே திரும்பினார்கள். டிக்கெட்டுக்கு முன்னால் விசா. கைரேகை கொடுத்து முத்திரை வாங்க மாதக் கணக்கில் இழுக்கலாம், அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அங்கேயே போட்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கனடாவே இல்லாத பயணம் கிடைக்காதா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வேறு நாட்டுக் கொடியில் ஓடுபவை. 1886-ஆம் வருடத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்கிறது. அதனால் நடுவே ஒரு கனடா ஊராவது வந்தே தீரும். அமெரிக்கக் கொடியோடு ஓடும் சின்னக் கப்பல்கள் மெய்ன் கரையோரம் மட்டும் போகின்றன, விலைதான் பல மடங்கு.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா முத்திரை முடிந்துபோய் ஐ-94 (அமெரிக்காவில் தங்க அனுமதித்த பதிவு) மட்டும் உயிரோடு இருப்பவர்கள், 30 நாளுக்குள் கனடா போய்த் திரும்பலாம் என்ற விதியை நம்பிக் கிளம்பாதீர்கள். கப்பல் நிறுவனம் அதை ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு போங்கள்.

கேள்வி (அட்லாண்டா): எங்களுக்கு க்ரீன் கார்டு, இந்தியப் பாஸ்போர்ட்.

கனடா விசா வேண்டாம். 2022 ஏப்ரலிலிருந்து செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் க்ரீன் கார்டும் இரண்டும் கையில் இருக்க வேண்டும், கார்டு மட்டும் போதாது. டொராண்டோவிலிருந்து கேட்டவருக்கு: கனடா குடியுரிமை இருந்தால் கவலை இல்லை, பி.ஆர். மட்டும் வைத்துக்கொண்டு இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போர்ட்டில் பாஸ்டனில் ஏறுவதாக இருந்தால் அமெரிக்க விசா கட்டாயம்.

கேள்வி (சிங்கப்பூர்): இலையுதிர்காலச் சிவப்பைப் பார்க்கத்தான் வருகிறோம். பால்கனி கேபின் எடுத்தால் அறையிலிருந்தே பார்க்கலாமா? எந்தப் பக்கம் எடுக்க வேண்டும்?

அறையிலிருந்து பார்க்க முடியாது, இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. கப்பல் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடும், பகலில் துறைமுகத்தில் நிற்கும். ஓடும்போதும் கரை ரொம்பத் தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். இலை பார்க்க இறங்கித்தான் ஆக வேண்டும். பார் ஹார்பரில் அகேடியா தேசியப் பூங்கா, சிட்னியிலிருந்து கேபட் டிரெயில் பக்கம், கியூபெக்கிலிருந்து மான்ட்மொரென்சி அருவி (83 மீட்டர், நயாகராவை விட உயரம்), இங்கெல்லாம்தான் அந்தச் சிவப்பு. இன்னொன்று, எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் நிறம் மாறாது. கியூபெக் பக்கம் முந்திக்கொள்ளும், மெய்ன் கரையோரம் அக்டோபர் நடுவில்தான் உச்சத்துக்கு வரும், கடல் வெதுவெதுப்பு கரையோர மரங்களைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. அக்டோபர் முதல் வாரத்தின் கடைசியில் கிளம்பினால் இரண்டிலும் ஓரளவு கிடைக்கும்.

ஒரே விதிவிலக்கு செயின்ட் லாரன்ஸ் நதிக்குள் நுழைந்த பிறகு. சகெனே ஃபியோர்டுக்குள் கப்பல் போகும் பயணமாக இருந்தால், இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், அதன் மேல் மஞ்சளும் சிவப்புமாக மரம், நடுவில் கரிய தண்ணீர். அதைப் பால்கனியில் உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதில் அர்த்தமில்லை, மேல் டெக்கின் முன்பகுதிக்குப் போய்விடுங்கள். பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இரண்டு ஊரில் டாக்ஸி வைத்துக்கொள்ளலாம். பால்கனி வேண்டுமென்றே இருந்தால், வடக்கே போகும்போது கரை இடப்பக்கம் இருக்கும், நதிக்குள் திரும்பிய பிறகு மலை உள்ள வடகரை வலப்பக்கம் வரும்.

கேள்வி (சென்னை): ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில் எடுத்துப் போகலாமா?

இரண்டும் கூடாது, பெட்டியைப் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். சீல் வைத்த ஊறுகாய், முறுக்கு, பொடி போகும். கப்பலிலிருந்து பழம், சாண்ட்விச் எதையும் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குள் இறங்காதீர்கள், இரண்டு நாட்டுச் சுங்கத்திலும் சிக்கல்.

கேள்வி (கோயம்புத்தூர்): செயின்ட் ஜானில் என்ன இருக்கிறது? பாதிப் பேர் இறங்கவே வேண்டாம் என்கிறார்கள்.

இறங்குங்கள் ஐயா, கட்டாயம் இறங்குங்கள். அந்த ஊரைக் கடந்து போகும் இடமாக நினைத்தவர்கள் கடலைப் பார்க்காமல் கடையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

ஃபண்டி விரிகுடாவின் கரையில் இருக்கும் ஊர் அது. உலகத்திலேயே பெரிய ஓதம் அந்த விரிகுடாவில்தான். உள் முனையில் நீர்மட்டம் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும், செயின்ட் ஜான் துறைமுகத்தில் 8 மீட்டர் அளவுக்கு. முதல் தடவை நான் போனபோது காலையில் ஒரு டெக்கில் பலகைப் பாலம் போட்டு இறங்கினோம். சாயங்காலம் திரும்பினால் அந்தக் கதவு மூடியிருக்கிறது, பாலத்தை வேறு டெக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். கப்பல் கட்டின இடத்திலேயே நிற்கிறது, ஆனால் கடல் அதை இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கி இறக்கியிருக்கிறது. காலையில் பார்த்த துறைமுகச் சுவரில் பாசி படிந்த மரக்கட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் வெளியே தெரிந்தன, சாயங்காலம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

ஏன் அங்கே மட்டும் இப்படி என்றால், ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் தன் போக்கில் ஆடும் நேரத்துக்குச் சரியாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் வீச்சு ஏறிக்கொண்டே போகும். கடல் ஓதம் ஒரு சுற்று வர 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அந்த விரிகுடாவின் நீளத்துக்கும் ஆழத்துக்கும் அதில் உள்ள தண்ணீர் ஒரு முறை முன்னும் பின்னும் அசையக் கிட்டத்தட்ட அதே நேரம்தான் பிடிக்கும். சந்திரன் சரியான நேரத்தில் தள்ளுகிறது. போதாததற்கு விரிகுடா உள்ளே போகப்போகக் குறுகுகிறது, ஆழமும் குறைகிறது.

பார்க்க வேண்டிய இடம் ரிவர்சிங் ஃபால்ஸ், துறைமுகத்திலிருந்து டாக்ஸியில் கொஞ்ச நேரம்தான். அருவி என்ற பேரை நம்பி உயரத்திலிருந்து கொட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செயின்ட் ஜான் நதி குறுகிய பாறை இடுக்கு வழியாகக் கடலில் சேருகிறது, அடியில் ஒரு பாறைத் திட்டு. ஓதம் வற்றியிருக்கும்போது நதி கடலுக்குள் நுரைத்துக்கொண்டு பாயும். ஓதம் ஏறியதும் கடல்மட்டம் நதியை விட உயர்ந்துவிடும், தண்ணீர் எதிர்ப்பக்கம் நதிக்குள் பாயும். இரண்டுக்கும் நடுவில் சுமார் இருபது நிமிடம் அசையாமல் நிற்கும், படகுகள் அந்த நேரம் பார்த்துத்தான் கடக்கும். நான் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு மரக்கட்டை கடலைப் பார்த்து மிதந்து போனது, மெல்ல மெல்ல வேகம் குறைந்தது, நின்றது, சுற்றிலும் சுழிகள் அடங்கின, அப்புறம் அதே கட்டை வந்த வழியே திரும்பியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

இதற்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். கனடா அரசின் ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாக இருக்கிறது, கப்பல் நிற்கும் நாளில் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஹோப்வெல் ராக்ஸ் என்ற இடத்தையும் கேட்டிருந்தீர்கள், வற்றிய நேரத்தில் கடலடித் தரையில் நடந்து பானை வடிவப் பாறைகளைப் பார்க்கலாம். ஆனால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. வற்றம் உங்கள் நாளின் நடுவில் விழுந்தால் போங்கள், இல்லையென்றால் வேண்டாம், ஏறிய நேரத்தில் போனால் மேலே தளத்தில் நின்று பார்க்கத்தான் முடியும். செயின்ட் ஜானுக்குப் பக்கத்திலேயே செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற சிற்றூரில் கடல் குகைகள் இருக்கின்றன, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நேரம் மிஞ்சினால் ஊருக்குள் 1876-இல் கட்டிய சிட்டி மார்க்கெட்டைப் பாருங்கள், கூரையைக் கவிழ்த்த கப்பல் மாதிரி மரத்தால் கட்டியிருக்கிறார்கள். டல்ஸ் என்று கருஞ்சிவப்பில் காய்ந்த கடற்பாசி விற்பார்கள், வாயில் போட்டால் முதலில் உப்பு, அப்புறம் கருவாட்டு வாசம்.

கேள்வி (சான் ஹோசே): சைவம். என்ன சாப்பிடுவது?

கப்பலுக்குள் கவலையே இல்லை. முதல் நாள் ராத்திரி டைனிங் ரூமில் ஹெட் வெயிட்டரிடம் இந்தியச் சைவம் வேண்டும், முட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து பருப்பு, சோறு, ஒரு காய் என்று தனியாகச் செய்து தருவார்கள். பெரும்பாலான கப்பல்களில் சமையலறையிலோ பரிமாறும் இடத்திலோ நம் நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், முகம் பார்த்தே வந்து கேட்பார்கள். பஃபேயை மட்டும் நம்பினால் பாஸ்டாவிலேயே வாரம் போய்விடும். கரையில் ஒரு எச்சரிக்கை: கியூபெக்கில் பூட்டீன் என்று உருளைக்கிழங்கு வறுவலின் மேல் சீஸும் குழம்பும் ஊற்றித் தருவார்கள், பார்க்க சைவம் மாதிரி இருக்கும், அந்தக் குழம்பு பொதுவாக இறைச்சிச் சாற்றில் செய்தது. சைவக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): அப்போ எங்களை மாதிரி ஆட்களுக்கு லாப்ஸ்டர் எங்கே நல்லது?

மெய்ன் மாநிலத்தில், போர்ட்லண்டிலோ பார் ஹார்பரிலோ. ஹாலிஃபாக்ஸ் வரை காத்திருக்க வேண்டாம். தென்மேற்கு நோவா ஸ்கோஷியாவில் லாப்ஸ்டர் பிடிக்கும் பெரிய பருவம் நவம்பர் கடைசியில்தான் தொடங்கும், நீங்கள் போகும் செப்டம்பர் அக்டோபரில் அங்கே கிடைப்பது பெரும்பாலும் தொட்டியில் வைத்திருந்தது. மெய்னில் வருடம் முழுக்கப் பிடிப்பார்கள், கோடைக் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும்தான் நிறைய ஏறும். அந்த நேரத்தில் ஓடு கழற்றிப் புதிதாக வளர்ந்த மென்னோட்டு லாப்ஸ்டர் கேட்டு வாங்குங்கள், சதை கொஞ்சம் குறைவு, ஆனால் கையாலேயே உடைக்கலாம், இனிப்பாக இருக்கும். நம் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது, இங்கே கொடுக்குச் சதைதான் ருசி, அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (மதுரை): ஹாலிஃபாக்ஸில் ஒரு நாள். பெக்கிஸ் கோவ் போவதா, ஊரிலேயே இருப்பதா?

நடக்கப் பிடிக்கும் என்றால் ஊரிலேயே இருங்கள். கப்பல் கட்டும் இடத்திலிருந்து இறங்கியதும் பக்கத்திலேயே பியர் 21 இருக்கிறது. 1928-இலிருந்து 1971 வரை கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் கப்பலில் வந்து கனடாவுக்குள் கால் வைத்த கட்டடம், இப்போது குடியேற்ற அருங்காட்சியகம். அங்கிருந்து கடலோரமாக மரப்பலகை நடைபாதை, வழியிலேயே கடல்சார் அருங்காட்சியகம். மேலே சிட்டாடல் கோட்டையில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

ஹாலிஃபாக்ஸில் நான் எல்லோரையும் போகச் சொல்லும் இடம் ஃபேர்வியூ லான் கல்லறைத் தோட்டம். டைட்டானிக் மூழ்கியபோது உடல்களைத் தேடி எடுக்கக் கப்பல்கள் கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். மொத்தம் 150 பேரை ஹாலிஃபாக்ஸில் புதைத்தார்கள், அதில் 121 பேர் இங்கே. சரிவான புல்தரையில் சின்னச் சின்னக் கருங்கற்கள், வரிசை கப்பலின் முன்பகுதி மாதிரி வளைந்து போகிறது. பல கற்களில் பெயர் இல்லை, 1912 ஏப்ரல் 15 என்ற தேதியும் ஒரு எண்ணும் மட்டும்தான், கடலிலிருந்து எடுத்த வரிசைப்படி கொடுத்த எண் அது. அடையாளம் தெரியாத குழந்தை என்று ஒரு கல் இருக்கிறது. 19 மாதக் குழந்தை, பெயர் சிட்னி குட்வின் என்று பல வருடம் கழித்து மரபணுச் சோதனையில்தான் தெரிந்தது. கல்லின் அடியில் யார் யாரோ பொம்மை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மழையில் நனைந்து சாயம் போன கரடி பொம்மை, ஒரு சின்ன கார்.

அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய துயரம் ஒன்று உண்டு. 1917 டிசம்பர் 6-ஆம் தேதி காலை, வெடிமருந்து ஏற்றிய மோன் பிளாங் என்ற பிரெஞ்சுக் கப்பலும் ஈமோ என்ற நார்வே கப்பலும் துறைமுகத்தின் குறுகலான பகுதியில் மோதித் தீப்பிடித்தது. ஊர் ஜனம் ஜன்னலில் நின்று நெருப்பை வேடிக்கை பார்த்தது. ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடத்தில் வெடித்தது, ஏறக்குறைய 2000 பேர் செத்தார்கள், கண்ணாடிச் சில்லு பட்டுக் கண் போனவர்கள் ஏராளம். பாஸ்டனிலிருந்து அன்று ராத்திரியே மருத்துவர்களையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியது. அந்த நன்றிக்காக நோவா ஸ்கோஷியா மக்கள் இன்றும் ஒவ்வொரு வருடமும் பாஸ்டனுக்குக் கிறிஸ்துமஸ் மரம் அனுப்புகிறார்கள். அந்த மரத்தை வருடா வருடம் எங்கள் ஊரில் பார்க்கிறேன், ஹாலிஃபாக்ஸ் போய் வந்த பிறகுதான் அது எங்கிருந்து வருகிறது என்று மனதில் பதிந்தது.

பெக்கிஸ் கோவ் நாற்பது கிலோமீட்டர் சொச்சம், அரை நாள் போதும், வெள்ளைக் கலங்கரை விளக்கமும் மொட்டைப் பாறைகளும் அழகுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கறுப்பாக ஈரமாக இருக்கும் பாறையில் காலே வைக்கக் கூடாது. அலை அங்கே வரை வந்திருக்கிறது என்று அர்த்தம், அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென்று ஒரு பெரிய அலை வந்து ஆளை இழுத்துப் போயிருக்கிறது, ஒரு தடவை இல்லை. வயதானவர்களுக்காக 2021-இல் பார்வைத் தளம் கட்டியிருக்கிறார்கள், சக்கர நாற்காலியும் போகும்.

கேள்வி (சிகாகோ): டிக்கெட் எடுத்த பிறகு பார் ஹார்பரை நீக்கிவிட்டு வேறு ஊர் போட்டுவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைப்பது கஷ்டம். ஊரை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கும், துறைமுகக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவார்கள். ஆனால் காரணம் தெரிந்துகொள்ளுங்கள். பார் ஹார்பரில் மொத்த ஜனத்தொகையே ஐயாயிரம் பக்கம், ஒரே நாளில் நான்காயிரம் பேர் வந்து இறங்கினால் ஊர் என்ன ஆகும்? 2022 நவம்பரில் ஊர் மக்களே வாக்களித்து ஒரு நாளில் ஆயிரம் பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள், அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2024-இல் கீழ் நீதிமன்றம் பெரும்பாலும் ஊரின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. எனக்கு அந்த ஊரை ரொம்பப் பிடிக்கும், அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அகேடியாவைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் சின்னக் கப்பல் எடுங்கள், அல்லது பயணத்துக்கு முன்னால் பாஸ்டனிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் போய் இரண்டு நாள் தங்குங்கள். அங்கே ஓதம் வற்றும்போது கடலுக்கு நடுவே ஒரு சரளைத் திட்டு வெளியே வரும், பக்கத்துத் தீவுக்கு நடந்தே போகலாம். முழுதாக வற்றிய நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

கேள்வி (பெங்களூர்): அம்மாவுக்கு வாந்தி மயக்கம் வரும். கடல் எப்படி இருக்கும்?

பெரும்பாலான நாள் அமைதிதான். ஆனால் செப்டம்பரில் தெற்கே கிளம்பும் சூறாவளிகளில் சில இந்தப் பக்கம் ஏறி வரும். 2022 செப்டம்பரில் ஃபியோனா நோவா ஸ்கோஷியாவையே புரட்டிப் போட்டது. கப்பல்கள் புயலுக்குள் போக மாட்டார்கள், பாதையை மாற்றுவார்கள், அதனால் உங்களுக்கு ஆபத்து இல்லை, ஆனால் ஒரு ஊர் கைவிட்டுப் போகலாம். கேபினைக் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரை எது என்று அம்மாவின் டாக்டரிடம் கேட்டு, வாந்தி வரும் முன்பே போடுங்கள், வந்த பிறகு போட்டுப் பயனில்லை. இன்சூரன்ஸையும் பாருங்கள், பெற்றோருக்கு அமெரிக்காவில் எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் கப்பலிலும் கனடாவிலும் செல்லுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கப்பல் மருத்துவமனையில் ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றினாலே பில் பயமுறுத்தும்.

கேள்வி (பாஸ்டன்): எத்தனை மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும்?

பொதுவாகக் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பு. இந்தப் பாதையில் சிக்கல் கடிகாரத்தில். ஹாலிஃபாக்ஸ், செயின்ட் ஜான், ஷார்லட்டவுன் எல்லாம் பாஸ்டனை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், கியூபெக் மறுபடி பாஸ்டன் நேரம். கப்பல் சில ஊருக்கு நேரத்தை மாற்றும், சில ஊருக்கு மாற்றாது. ஃபோன் தானாக மாறும், மாறாமலும் இருக்கும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு கப்பலின் நேரத்தை மட்டும் அதில் வையுங்கள். கப்பல் மூலம் எடுத்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போனால் காத்திருக்காது. அதனால் தூரமான இடத்துக்குக் கப்பல் டூர், பக்கத்து இடத்துக்குச் சொந்த ஏற்பாடு என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஈரோடு): திமிங்கலம் தெரியுமா?

தெரிய வாய்ப்பு அதிகமான இடம் சகெனே நதி செயின்ட் லாரன்ஸில் சேரும் டாடூசாக் பக்கம். ஆழத்துக் குளிர்ந்த நீர் அங்கே மேலே வருகிறது, இரை நிறைய. வெள்ளை பெலுகா வருடம் முழுக்க செயின்ட் லாரன்ஸிலேயே வாழ்கிறது, தூரத்தில் அலை நுரை மாதிரி தெரியும், நுரை மறையும், இது மறையாது, அதுதான் அடையாளம். பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் என்ற இனம் நானூறுக்கும் குறைவாகத்தான் மிச்சம். 2017-இல் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் பன்னிரண்டு செத்து மிதந்தன, கப்பல் மோதியும் மீன்பிடிக் கயிற்றில் சிக்கியும். அதன் பிறகு அங்கே கப்பல்களை 10 நாட் (knot, கப்பல் வேக அளவு) வேகத்துக்குள் ஓட்டச் சொல்கிறார்கள், மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். கப்பல் ஏன் ஊர்கிறது, ஒரு ஊரில் நிற்கும் நேரம் ஏன் குறைந்தது என்று ரிசப்ஷனில் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள்.

கேள்வி (திருச்சி): அம்மாவுக்கு முழங்கால் வலி. கியூபெக் மேடும் படியும் என்கிறார்களே?

மேடுதான், கருங்கல் பாவிய தெரு வேறு. ஆனால் கப்பல் பழைய ஊரின் காலடியிலேயே கட்டும், கீழ் ஊரிலிருந்து மேல் ஊருக்கு 1879-இலிருந்து ஓடும் இழுவை ரயில் இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் ஷாட்டோ ஃப்ரான்டெனாக் ஹோட்டலுக்கு முன்னால் இறக்கிவிடும். அந்த மரத்தளத்தில் பெஞ்சு போட்டிருப்பார்கள், அம்மாவை அங்கே உட்கார வைத்தால் நதி முழுக்கத் தெரியும். கடையில் நுழைந்ததும் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு அப்புறம் ஆங்கிலத்தில் பேசுங்கள், முகமே மாறும். அம்மாவுக்காக இன்னொன்று: டெண்டர் படகில் (தள்ளி நிற்கும் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் சின்னப் படகு) இறங்கும் ஊர் உங்கள் பயணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பார் ஹார்பரும் நியூபோர்ட்டும் அப்படித்தான், ஆடும் படகில் கால் மாற்றி வைக்க வேண்டும்.

கேள்வி (ஸ்கார்பரோ): அக்கா, 1986 இல எங்கட ஆக்கள் படகில வந்து இறங்கின இடத்துக்கு இந்தக் கப்பல் போகுமா? அது செயின்ட் ஜான்தானே? அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக விருப்பம்.

தம்பி, அது வேறு ஊர், பேரால் எல்லோரும் குழம்புகிறார்கள். மேலே நான் எழுதிய செயின்ட் ஜான் நியூ பிரன்சுவிக்கில் இருக்கிறது. நீங்கள் கேட்பது நியூஃபவுண்ட்லாந்து தீவில் உள்ள செயின்ட் ஜான்ஸ். 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, தீவின் தென்முனையில் செயின்ட் ஷாட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால், மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்ததை உள்ளூர் மீனவர்கள்தான் கண்டு காப்பாற்றினார்கள். அங்கிருந்து செயின்ட் ஜான்ஸ் நகருக்குக் கொண்டுபோனார்கள். வழக்கமான ஏழு நாள் கப்பல் அந்தத் தீவுக்குப் போகாது. பத்து, பதினான்கு நாள் பயணங்களிலும், ஐஸ்லாந்து வழியாக ஐரோப்பாவுக்கு அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணங்களிலும் செயின்ட் ஜான்ஸ் சில சமயம் வரும். ஆனால் கப்பல் நிற்கும் எட்டு மணி நேரத்தில் செயின்ட் ஷாட்ஸ் போய் வருவது அவசர அவசரமாக முடியும், காரில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். அப்பாவுக்காகப் போவதென்றால் கப்பலை விடுங்கள், டொராண்டோவிலிருந்து விமானத்தில் போய் இரண்டு நாள் தங்குங்கள். அந்தக் கரையில் நின்று அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும், கூப்பிட எந்தச் சங்கும் ஊதாது.

கேள்வி (கடலூர்): என்ன உடை?

செப்டம்பரில் பகலில் 15 டிகிரிக்கு மேல் இருக்கும், அக்டோபரில் பத்துப் பக்கம், கடற்காற்று அதை இன்னும் குறைவாகக் காட்டும். ஒரே தடித்த கோட்டை விட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது, மேலே நீர் புகாத ஜாக்கெட். குடை வேண்டாம், காற்றில் முதல் நாளே உடைந்துவிடும். சேலை கட்டும் அம்மாக்களுக்கு உள்ளே தெர்மல் பேன்ட், கம்பளி சாக்ஸ், பிடிமானமான ஷூ. காதை மூடும் குல்லாய் ஆளுக்கு ஒன்று, கியூபெக் போய்ச் சேரும் காலையில் ஐந்தரைக்கே மேல் டெக்கில் போய் நிற்க அது இல்லாமல் முடியாது.